ஃபிரேமுக்கு அடியில் இருக்கும் கை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இப்போதைய பெண்கள் காசை மிச்சம் பிடிக்கத்தான் தையலைக்கூட செல்போனைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள், குருவுக்கு மரியாதை போய்விட்டது என்று போன வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டிலிருந்தே பிளவுஸுக்கு ஆரி வேலை, அதாவது நுனியில் கொக்கி உள்ள ஊசியால் போடும் பூத்தையல், செய்து கொடுக்கிறேன். செல்போனில் கற்றவள்தான். ஆனால் காசுக்காக இல்லை. அதற்கு முன்பே 4,000 ரூபாய் கட்டி வகுப்புக்கும் போனவள்.

பத்து நாள் வகுப்பு. துணியை இழுத்துக் கட்டிய நீளமான ஒரு ஃபிரேம், சுற்றிப் பதினாறு பேர். சொல்லிக்கொடுத்த அக்கா கெட்டிக்காரர், அதில் குறை இல்லை. ஆனால் ஆரியில் கண்ணுக்குத் தெரிவது பாதி வேலைதான். வலது கை ஊசியை மேலிருந்து குத்தும். நூல் இருப்பது துணிக்கு அடியில், இடது கையில். அந்தக் கை நூலைக் கொக்கியில் மாட்டிவிட்டால்தான் ஊசி அதை மேலே இழுத்து வரும். அக்காவின் இடது கையைப் பத்து நாளில் நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்தவளுக்கு வலது கையும் தலைகீழ்.

எனக்கு ஒவ்வொரு தடவையும் கொக்கி துணியில் மாட்டி இழை பிய்ந்துகொண்டு வந்தது. கேட்டேன், காட்டினார். மறுபடி கேட்டேன், காட்டினார். மூன்றாவது தடவை பக்கத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதற்கப்புறம் நான் வாயே திறக்கவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

என் மகனுக்கு 2018-ல் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பாடப்புத்தகம் வந்தது. அதில் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பாடம் வீடியோவாக ஓடும். படிக்கிற பிள்ளைக்கு எதற்குப் போன் என்று அன்றைக்கு அவனைத் திட்டியவள் நான். அவன்தான் பிளஸ் ஒன் படித்த வருஷம் எனக்கு ஒரு வீடியோவைத் தேடிக் கொடுத்தான். இந்திக்காரர் ஒருவர் கேமராவை ஃபிரேமுக்கு அடியில் வைத்துப் படம் பிடித்திருந்தார்!

அது ஆடி மாதம். முகூர்த்தம் இல்லாததால் தைக்கவும் துணி இல்லை. அம்மன் திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பாட்டு அலறியது, அவர் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் எனக்கு இந்தி தெரியாது. சரி, கை பேசினால் போதாதா? வேகத்தைக் கால்பங்காகக் குறைத்துப் பார்த்தேன். நூலை மாட்டியதும் ஊசியை அரைச்சுற்று திருப்புகிறார், அப்புறம்தான் தூக்குகிறார். ஊசிப் பிடியில் இருக்கும் சின்ன திருகு, கொக்கியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே இருக்கும்படி மாட்டியிருக்கிறார். அதனால் கொக்கி துணிக்கு அடியில் மறைந்திருந்தாலும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மேலேயே தெரிந்துவிடும். முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை இறங்கியிராவிட்டால் இதற்கும் கணக்குப் பார்த்திருப்பேன், அது வேறு. ஆனால் முப்பது தடவையும் யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கான் அகாடமி தொடங்கிய சல்மான் கான் (நடிகர் இல்லை, கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்) பற்றி மகன் சொன்னான். அமெரிக்காவில் அவர் 2004-ல் வேறு ஊரில் இருந்த உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்தே கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாராம். 2006-ல் பாடங்களை யூடியூபில் போட்டதும் உறவுக்காரப் பிள்ளைகள், உங்களைவிட உங்கள் வீடியோதான் பிடித்திருக்கிறது என்றார்களாம். வீடியோ என்றால் நிறுத்திப் பார்க்கலாம், மறுபடி கேட்டு அவர் நேரத்தை வீணாக்குகிறோமே என்ற கூச்சம் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அவர்மேல் மரியாதை இல்லை என்று சொல்ல முடியுமா?

வீடியோவை நம்பி அடி வாங்கியதும் உண்டு. கல்லை ஒட்ட ஒரு பசையைச் சொன்னார்கள், வாங்கி ஒட்டினேன். சீலநாயக்கன்பட்டி வாடிக்கையாளர் ஒரே ஒரு தடவை அலசியதில் பாதிக் கல் வாளியில் கிடந்தது. வீடியோவில் ஒட்டுவதைக் காட்டுவார்கள், துவைப்பதைக் காட்டமாட்டார்கள். கூலி வாங்காமல் முழுவதையும் மறுபடி தைத்துக் கொடுத்தேன்.

இன்னொன்று. சங்கிலித் தையல் எனக்குச் சீராகவே வரவில்லை. எத்தனை வீடியோ பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. எங்கள் மாமனார் கைத்தறி நெய்தவர். ஒரு நாள் சும்மா வந்து நின்றவர் ஃபிரேமில் இருந்த துணியை விரலால் சுண்டிப் பார்த்து, “பாவு தொய்ஞ்சு கெடக்கும்மா, இதுல எப்படித் தையல் நிக்கும்?” என்றார். இழுத்துக் கட்டியதும் சரியாகிவிட்டது. என் துணி தொய்ந்திருப்பது அந்த இந்திக்காரருக்கு எப்படித் தெரியும்?

வகுப்பு நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்தக் கடிதம். உள்ளே செல்போன் கூடாது என்று சிலர் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் வேலையைத் திருட நாங்கள் கேமரா வைக்கவில்லை. அந்த இடது கையை மட்டும் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ள விடுங்கள். என்னிடம் இப்போது இரண்டு பெண்கள் கற்றுக்கொள்ள வருகிறார்கள். முதல் நாளே போனை அடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அதில் ஒருத்தி, சார்ஜ் தீர்கிறவரை எடுத்துவிட்டு, “அக்கா, நாளைக்கும் ஒரு தடவை” என்கிறாள்.

இப்படிக்கு,
ஆரி வேலை செய்யும் ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.