பழைய படம் - 7

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நகர மண்டபங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'உள்ளே சுவரை நிறைக்கச் சில பழைய படங்களும் உண்டு' என்று ஒரு வரி. தூணுக்கும் மணிக்கூண்டுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கியவருக்கு, படங்களுக்கென ஒரு வரி தர மனம் வந்ததே, நன்றி.

கட்டுரையோடு அச்சிட்டிருந்தது இத்தாலியின் சியன்னா நகர மண்டபச் சுவரோவியம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1338-39இல் அம்புரோஜியோ லொரென்செத்தி வரைந்தது. நகரை ஆண்ட ஒன்பது பேர் கூடும் அறை அது. ஒரு பக்கம் நல்லாட்சி, இன்னொரு பக்கம் கொம்பு முளைத்த கொடுங்கோலன். முடிவெடுக்க உட்காருகிறவர் தலை நிமிர்ந்தால் அவன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். இதுவும் சுவரை நிறைக்கத்தான் போலிருக்கிறது.

சுவருக்காகத்தான் படம் என்று நினைத்தவர்கள் முன்பும் இருந்தார்கள். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642இல் முடித்த 'இரவுக் காவல்' ஓவியம் 1715இல் ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்துக்கு வந்தது. இரண்டு கதவுகளுக்கு நடுவே அடங்கவில்லை. நாலு பக்கமும் நறுக்கிவிட்டார்கள். இடது ஓரத்தில் நின்ற இருவர் அதோடு போனார்கள். அதே மண்டபத்துக்கென்று அவர் வரைந்த, ரோமானியரை எதிர்த்த தலைவன் கிளாடியஸ் சிவிலிஸின் படம் மாட்டிய கொஞ்ச காலத்திலேயே இறக்கப்பட்டது. வெட்டுப்பட்டு மிஞ்சிய துண்டு இன்று ஸ்டாக்ஹோமில் இருக்கிறது.

இதெல்லாம் படித்தறிந்தது. கண்ணால் கண்டதும் உண்டு. இப்படியொரு பழைய மண்டபத்தில் இருபத்தாறு வருடம் எழுத்தராக இருந்தேன். ஆளுயர எண்ணெய் ஓவியத்தை இறக்காமலே சுவருக்கு வெள்ளையடித்தார்கள். "துடைச்சா போயிடும் சார்" என்றார் மேஸ்திரி. துடைத்தார். சுண்ணாம்பு போனது, ஓவியத்தில் இருந்தவரின் வலது கையும் போனது. நான் எழுதி வைத்த குறிப்பு 'பார்த்தேன்' என்ற மேலதிகாரியின் கையொப்பத்தோடு திரும்பியது. எதைப் பார்த்தார் என்று கேட்கிற இடத்தில் நான் இல்லை. கண்ணாடிப் பேழையில் இருந்த வெள்ளித் தண்டம் ஒரு வருடக் கணக்கெடுப்பில் 'இரும்புத் தடி - 1' ஆனது. ஓவியங்கள் தளவாடப் பதிவேட்டில் நாற்காலிகளுக்குக் கீழே: 'பழைய படம் - 7'. தங்கள் கட்டுரையாளர் அந்தப் பதிவேட்டைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதே சொல் எப்படி வந்தது என்றுதான் யோசிக்கிறேன்.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தச் சியன்னா படத்தின் கீழே புகைப்படம் எடுத்தவரின் பெயர் இருந்தது. வரைந்தவரின் பெயர் இல்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
பல்லாண்டு வாசகன்