சேற்றிலிருந்து தொடங்குங்கள்: யாழ்ப்பாணத்துப் புவியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

உயர்தரம் படிக்கும் என் மருமகள், கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது என்று மனனம் செய்துகொண்டிருந்தாள். "அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டேன். "அது குறிப்பில் இல்லை, மாமா" என்றாள். அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மறுநாள் அரியாலைப் பக்கம் கடனீரேரிக் கரைக்கு அவளைக் கூட்டிச் சென்றேன். கைநீளப் பிளாஸ்டிக் குழாயொன்றைச் சேற்றில் அழுத்தி, வாயை உள்ளங்கையால் பொத்தி இழுத்தோம். தடியால் தள்ளிப் பத்திரிகைத்தாளில் பரப்பியபோது மேலே பழுப்பு, அடியில் நாறும் கறுப்புச் சேறு, அதற்கும் கீழே விரலகலத்துக்குப் பொடிச் சிப்பிகள். "இந்தச் சிப்பி எந்தக் காலத்தது?" என்று அவளே கேட்டாள்.

பெருங்கடலடியிலும் இப்படி அடுக்கடுக்காகப் படிந்த சேறுதான் பழங்காலத்துக் கதையைச் சொல்கிறது. வட அத்திலாந்திக்கின் நடுவே, மென்சேறு மட்டுமே படியவேண்டிய ஆழத்தில், பரற்கற்கள் செறிந்த அடுக்குகள் கிடக்கின்றன. அவ்வளவு தூரம் அவற்றை எந்த ஆறும் சுமந்து வராது. கண்டத்துப் பனியிலிருந்து உடைந்த பனிப்பாறைகள் தம்முள் உறைந்திருந்த கற்களோடு மிதந்துவந்து, உருகி, அங்கே உதிர்த்துவிட்டன. 1988இல் அவற்றை விவரித்த ஜேர்மன் கடலாய்வாளர் ஹைன்றிக்கின் பெயராலேயே அந்த அடுக்குகள் இன்று அறியப்படுகின்றன.

என்னை அதிகம் கலக்கியது அந்தாட்டிக்காவின் சேறு. 2006–07இல் அங்கே கடலடியைத் துளையிட்டு ஆராய்ந்த அன்ட்ரில் திட்டத்தினர், கடல்மேல் மிதக்கும் றொஸ் பனித்தட்டைத் துளைத்து, கடலடியிலிருந்து 1,285 மீற்றர் நீள மண்தூணை எடுத்தார்கள். அதில் பனி அரைத்துப்போட்ட கல்மண்ணும், டயட்டம் என்ற நுண்பாசியின் ஓடுகளாலான படிவும் மாறி மாறி வருகின்றன. டயட்டம் வெயிலில்லாமல் வளராது. அப்படியானால் இன்று பனி மூடிய அந்த இடம் பலமுறை திறந்த கடலாக இருந்திருக்கிறது! ஏறத்தாழ 30 முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அப்படி நடந்தபோது, காற்றில் காபனீரொட்சைட்டு மில்லியனுக்கு ஏறத்தாழ 400 பங்கு. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது.

கரைமேலுள்ள பனி உருகினால் கடல் உயரும். தாழ்ந்த நம் குடாநாட்டில், தீவகத்துக் கிணறுகள் உவர்த்துக்கொண்டிருக்கும்போது, இதை மதிப்பெண்ணுக்கான ஒற்றை வரியாக நம் பிள்ளைகள் படிப்பது தகுமா? அவர்கள் எட்டிப் பார்க்கும் கிணற்றுச் சுவரின் சுண்ணாம்புக்கல்லே பழங்காலக் கடலடிதான். அதையும் காட்டுங்கள்.

தவணைக்கு ஒரு காலைப்பொழுது போதும். வற்று நேரம் பார்த்துப் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிச் செல்லுங்கள். குழாய் என்னிடம் இருக்கிறது; கேட்டால் கழுவிக் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
அரியாலைவாசி ஒருவன்