எந்தப் பிஞ்சைக் கேட்டு எழுதினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சிறுவர் நூல் பக்கத்தில், ‘தன்பாலினப் பெற்றோரைக் காட்டும் படக்கதைகள் பிஞ்சு மனங்களைக் குழப்பும்’ என்று ஒரு வரி. எந்தப் பிஞ்சைக் கேட்டார் உங்கள் கட்டுரையாளர்?

நான் ஓய்வுபெற்ற பாலர் பள்ளி ஆசிரியை. ‘அண்ட் டேங்கோ மேக்ஸ் த்ரீ’ என்ற படக்கதையை எங்கள் அடுக்குமாடி புளோக் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். நியூயார்க் சென்ட்ரல் பார்க் விலங்கியல் தோட்டத்தில் ராய், சைலோ என்ற இரண்டு ஆண் பென்குயின்கள் ஒரு கல்லைக் கூட்டில் வைத்து மாற்றி மாற்றி அடைகாக்கும். அந்தப் பக்கம் வந்ததும் ஒரு பொடியன், “கல்லு குஞ்சு பொரிக்காது பாட்டி!” என்று எழுந்தே விட்டான். பராமரிப்பாளர் நிஜ முட்டையைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் உட்கார்ந்தான். இரண்டு அப்பாக்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

2014இல் எங்கள் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் அந்தப் புத்தகத்தையும் வேறு இரண்டையும் நீக்கியது தாங்கள் அறியாததல்ல. ஒன்றைக் கூழாக்கியே விட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மற்ற இரண்டும் பெரியவர்கள் பகுதிக்குப் போயின. பென்குயின் படக்கதையை எந்தப் பெரியவர் இரவல் எடுப்பாரோ! அவற்றில் இன்னொன்று, சீனாவில் பெண் குழந்தைகளைத் தத்தெடுக்கப் போகும் நான்கு வீட்டாரின் கதை. ஒரு வீட்டில் இரண்டு அம்மா, அவ்வளவுதான். அப்போது நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, என் வட்டாரமான ஈசூனை ஜூரோங் ஆக்கிப் போட்டீர்கள். சரி, போகட்டும்.

ஆதரித்து எழுதுகிறவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அவர்களுக்கு எப்போதும் பறவையும் விலங்கும்தான் வேண்டும். நிஜ சைலோ பின்னாளில் ஒரு பெண் பென்குயினோடு போய்விட்டது. பறவையைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் இப்படித்தான். மனிதர்களைக் காட்டினாலோ, ‘உன் அப்பா எங்கே?’ என்று யாராவது கேட்டாக வேண்டும். 1989இல் வந்த ‘ஹெதர் ஹேஸ் டூ மம்மீஸ்’ முதல் பதிப்பில், இரண்டு அம்மாக்களின் பிள்ளையான ஹெதர் தனக்கு அப்பா இல்லையென்று அழுதாள். பிறகுதான் அழுகையை எடுத்தார்கள்.

என் மகளும் அவள் துணைவியும் மெல்பர்னில் பிள்ளை வளர்க்கிறார்கள். காலையில் காணாமல் போன ஒற்றைக் காலுறைக்காக இருவருக்கும் வாய்ச்சண்டை நடக்கும். பேரன் பாட்டுக்கு இடியாப்பத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பான். அப்படி ஒரு பக்கம் உள்ள படக்கதை என் கையில் இன்னும் அகப்படவில்லை.

இனி அந்தப் பக்கத்தில் எழுதுகிறவர், புத்தகத்தை ஒரு குழந்தைக்காவது வாசித்துக் காட்டிவிட்டு எழுதட்டும். இந்தக் கடிதத்தை வெட்டாமல் போட்டால் நன்றி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன், சிங்கப்பூர்