டோலோரஸ் கீனின் மாமிமார் எங்கே?

ஆசிரியருக்கு,

போன ஞாயிறு மலரில் அயர்லாந்து நாட்டார் பாடகி டோலோரஸ் கீனைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். அவரைப் பற்றி நம் பத்திரிகை ஒன்று எழுதியதே சந்தோஷம்தான். ஆனால் குழு, இசைத்தட்டு, மேடை என்று அரைப் பக்கம் ஓடிய கட்டுரையில் அவரை வளர்த்த இரண்டு மாமிமாருக்கு ஒரு வரிகூட இல்லை, அதுதான் எழுதுகிறேன்.

டோலோரஸ் 1953இல் கால்வே மாவட்டத்தில் பிறந்தவர், ஊர் கஹர்லிஸ்ட்ரேன். நாலு வயதிலிருந்து வளர்ந்தது தகப்பனின் சகோதரிகளான ரீட்டா, சாரா இருவரோடும். இவர்கள் பாடியது 'ஷான் நோஸ்', பழைய முறை என்று அர்த்தம். பக்கவாத்தியம் கிடையாது, ஒரு ஆள் தனியே, சொல்லை இழுத்து வளைத்துப் பாடுவதுதான் வழக்கம். ரீட்டாவும் சாராவும் அதையே இரண்டு பேராகச் சேர்ந்து ஒரே குரலாகப் பாடினார்கள். யோசித்துப் பாருங்கள், அந்த வளைவுகளை யாரும் எழுதி வைப்பதில்லை, அக்கா எங்கே மூச்சு எடுப்பார் என்று தங்கைக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒரு 'கேலி' வாத்தியக் குழுவும் இருந்தது (அங்கே கேலி என்றால் ஆட்டமும் பாட்டுமாகக் கூடும் இரவு, நம்முடைய கேலி இல்லை). 1958இல், ஐந்து வயதில், அயர்லாந்து வானொலிக்குப் பாடிய பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. தம்பி ஷானும் பாடகர்தான்.

பிறகு நடந்ததெல்லாம் கட்டுரையில் சரியாகவே இருக்கிறது. 1975இல் டி டனான் குழுவின் முதல் இசைத்தட்டு, லண்டன் வாழ்க்கை, 1978இல் சொந்தப் பெயரில் இசைத்தட்டு, 1992இல் பாடகி மேரி பிளாக் முதலானவர்களோடு சேர்ந்து பாடி அயர்லாந்தில் விற்றுத் தள்ளிய அந்தத் தொகுப்பு. குடியாலும் மனச்சோர்வாலும் மேடையை விட்டு விலகியிருந்ததை அவரே ஒளிக்காமல் பேசியிருக்கிறார், அதை நீங்களும் ஒளிக்காதது நல்லது.

எனக்கு ஏன் இவ்வளவு ரோசம் என்றால், எனக்கும் இரண்டு மாமிமார், இங்கே கிழக்கிலங்கையில், இதே தம்பிலுவிலில். நெல் அவிக்கிற கிடாரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு தாலாட்டு, ஊஞ்சல் பாட்டு, வயல்வட்டையில் பாடுகிற கவி என்று மாறி மாறிப் போகும். வைகாசியில் கண்ணகி அம்மனின் குளிர்த்திச் சடங்கு முடிந்தும் நாலைந்து நாளைக்கு அங்கே பாடுகிற கண்ணகி வழக்குரைதான் வாயில் இருக்கும். பெரிய மாமி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிவிட்டு முதல் சொல்லை எடுப்பார், சின்ன மாமி இரண்டாவது சொல்லில் வந்து ஏறிக்கொள்வார், அப்புறம் எது யாருடைய குரல் என்று பிரிக்க ஏலாது. அண்ணனின் மகன் ஒருமுறை போனில் ஏழெட்டுப் பாட்டு பதிந்தான். இடம் போதவில்லை என்று பிறகு அழித்துவிட்டு, "திரும்பப் பதியலாம்தானே மாமி" என்றான். நானும் சரி என்றேன். அடுத்த மாரிக்கு முன்னமே பெரிய மாமி போய்விட்டார்.

அயர்லாந்து வானொலிக்காரர் 1940களின் கடைசியிலேயே பதிவு வண்டியோடு கிராமம் கிராமமாகப் போனவர்கள். இங்கே கூத்துக்காவது அதைப் பழக்குகிற அண்ணாவிமார் இருக்கிறார்கள், வடமோடி தென்மோடிக் கூத்துகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்காரர் எழுதுகிறார்கள், நல்லது. அடுப்படியில் பாடிய பெண்களிடம் யார் போனார்கள்? உங்கள் நிருபர்மார் எங்கள் பக்கம் கோயில் திருவிழாவுக்கு வருகிறார்கள்தானே, வருகிற வழியில் இரண்டு வீட்டுப் படலையையும் தட்டட்டும். கையில் ஒரு போன் போதும், இடம் இருக்கிற போனாக இருந்தால் சரி.

சின்ன மாமி இன்னும் இருக்கிறார். போன கிழமை பாடச் சொன்னேன், இரண்டாவது சொல்லிலிருந்துதான் தொடங்கினார். முதல் சொல் எங்கே என்று கேட்டால், அது அக்காவுடையது என்கிறார்.

அடுத்த மலரில் ரீட்டா கீன், சாரா கீன் என்ற பெயர்களை ஒரு சின்னப் பெட்டிக்குள்ளாவது போடுங்கள். அவர்களும் தங்கள் பெயரிலேயே இசைத்தட்டு வெளியிட்டவர்கள்தான். போட்டால் சின்ன மாமிக்கு வாசித்துக் காட்டுவேன்.

வாசகி,
தம்பிலுவில்.