ஈயத் தகடுகளையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள ரோமானியக் குளியல் கூடம் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, கோயில் முகப்பையும், 1727-இல் கிடைத்த ரோமானியப் பெண்தெய்வம் மினெர்வாவின் பொன்முலாம் பூசிய தலையையும் விரிவாகப் பேசிவிட்டு, அங்குள்ள வெந்நீர் ஊற்றில் கிடைத்த சுமார் 130 சாபத் தகடுகளை (தீங்கு செய்தவரைத் தண்டிக்கும்படி தெய்வத்திடம் முறையிட்டுக் கீறி எழுதிய ஈயத் தகடுகளை) ஒரே வரியில் கடந்துவிட்டது. ரோமானியர் வருமுன்பே அங்கு வாழ்ந்த கெல்ட் இன மக்கள் சூலிஸ் என்னும் பெண்தெய்வத்தை வழிபட்ட இடம் அது. வந்தவர்கள் அவளை அகற்றாமல் தங்கள் மினெர்வாவோடு இணைத்தே வணங்கினர் என்பதையும், அங்கு வந்துபோன எளியவர்களின் மனக்குறைகளையும் அந்த ஈயத் தகடுகளே நேரடியாகச் சொல்கின்றன. இரண்டு கையுறைகளைப் பறிகொடுத்த டோசிமெடிஸ் என்பவர், திருடியவர் புத்தியையும் கண்களையும் இழக்க வேண்டும் என்று தேவியிடம் முறையிடுகிறார். (கையுறைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று தோன்றலாம், குளிர்ப் பிரதேசம் அல்லவா!)

அங்குள்ள அருங்காட்சியகத்தில் நான் பார்த்தபோது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அத்தகடுகளில் மடித்த தடமும் கீறிய எழுத்தும் நன்றாகவே தெரிந்தன; ஆயினும் கூட்டமெல்லாம் பொன்முகத்தின் முன்தான் நின்றது. அத்தகடுகளுள் நான்கைந்தின் வாசகங்களைத் தமிழாக்கி, படங்களுடன் அடுத்த இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், கும்பகோணம்