சின்னவனைப் பற்றிப் பேசப்போகிறேன், அக்கா

அன்புள்ள அக்கா,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு 'சரி' என்று சொல்லிவிட்டேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வராது. நீ அழுவாய், நான் மறுபடியும் சரி என்பேன். அம்மா இருந்த காலத்திலிருந்து நம் வீட்டில் இது இப்படித்தான் முடிகிறது. நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

உன் ஊரை எழுதவில்லை. உன் பொண்ணு பாப்பாவுக்குப் பேசியிருக்கிற இடத்தைப் பற்றியும் எழுதவில்லை. படிக்கிறவர்களில் நம் ஆட்களும் இருப்பார்கள், ஆகவே சில இடங்களைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். எது எங்கே விடுபட்டிருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

அக்டோபர் 10 உலக மனநல நாள். அன்றைக்கு நம் ஊர் நூலகத்தில் நடக்கிற குடும்பத்தார் கூட்டத்தில் நான் எழுந்து நின்று நம் தம்பி சின்னவனைப் பற்றியும் அவனுக்கு வந்த மனச்சிதைவு நோயைப் பற்றியும் பேசப்போகிறேன். பாப்பா கல்யாணம் முடியட்டும்டா, அப்புறம் நீ என்ன வேண்டுமானாலும் பேசு என்றாய். 2002லும் ஒரு கல்யாணம் முடியட்டும் என்றுதான் சொன்னார்கள்.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று கூடத்தில் நடந்தது மட்டும்தான் உனக்குத் தெரியும். பின்கட்டில் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பல நாளாகக் குளிக்காமல் கிடந்த சின்னவன் அன்று விடிகாலையிலேயே குளித்துவிட்டான். அப்பாவின் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டிருந்தான். பொத்தானை ஒன்று தள்ளி மாட்டியதில் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. தலைக்கு வைத்த எண்ணெய் காதோரம் வழிந்திருந்தது. "தாம்பூலத் தட்டை நான் தூக்கிட்டு வர்றேண்ணே" என்றான். அப்பா என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். நான் அவனை நெல் மூட்டை அடுக்குகிற அறைக்குக் கூட்டிப்போய், எத்தனை மூட்டை இருக்கிறது என்று எண்ணி வை, இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, வெளியில் வந்து நாதாங்கியை மாட்டினேன். கூடத்தில் ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொன்னதும் நான்தான்.

அரைமணி கழித்து ஒரு தட்டில் கேசரி எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கதவுக்கு அடியில் இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதன் வழியாக அவன் விரல் நுனிகள் வெளியே தெரிந்தன. நகக்கண்ணில் உமி ஒட்டியிருந்தது. "பதினாலு மூட்டை இருக்குண்ணே. மாப்பிள்ளை வந்தாச்சா?" என்றான். நான், இன்னும் இல்லடா என்றேன். நீ அப்போது கூடத்தில் காபி கொடுத்துக்கொண்டிருந்தாய். எத்தனை பிள்ளைகள் என்று அவர்கள் அப்பாவைக் கேட்டது எனக்குக் கேட்டது. "ஒரு பொண்ணு, ஒரு பையன்" என்றார் அப்பா. அது கதவுக்கு உள்ளேயும் கேட்டதா என்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. விரல்கள் மட்டும் உள்ளே போய்விட்டன. கேசரியை நான் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும்.

எனக்கு அப்போது 21 வயது. அப்பா பார்த்த பார்வைக்கு வேறு என்ன செய்திருக்க முடியும்? நீயே சொல். உனக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அம்மா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருந்தாள். உனக்காகத்தான் செய்தேன் என்று எத்தனையோ ராத்திரி எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்கூட. ஆனால் உண்மை என்பதால் அந்த விரல்கள் மறந்துபோகவில்லை.

அதற்கு முந்தின வருஷம், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் செத்துப்போனார்கள், 28 பேர். பேப்பரில் அதைப் படித்த அன்றே அப்பா புறப்பட்டுப் போய், வேறோர் இடத்தில் விட்டிருந்த சின்னவனைக் கூட்டிவந்தார். அந்த இடத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். கூட்டிவந்ததற்காக அப்பாவைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் கூட்டிவந்து பூட்டிவைத்தோம். டாக்டர் என்ற பேச்சே எடுக்கவில்லை. கீழ்ப்பாக்கம் என்பது நம் பக்கத்தில் வசவுச் சொல்லாகத்தானே இருந்தது?

அப்புறம் நீ போய்விட்டாய். போகவேண்டியவள்தான், தெரியும். ஆனால் உன் கல்யாணத்துக்குப் பிறகு அவன் மருந்தைப் பார்க்க இன்னும் ஒன்பது வருஷம் ஆனது. மனச்சிதைவு நோய்க்கு மருத்துவம் பார்க்கிற சென்னை ஸ்கார்ஃப் அமைப்பு 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பஸ்ஸை விட்டது. அது அடுத்த ஊருக்கு வந்து நின்றபோது, மனநோய் என்றால் என்ன என்று படம் போட்டுக் காட்டினார்கள். தனியாகப் பேசிக்கொண்டிருக்கிற ஒரு பையன் வந்ததும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "நம்ம சின்னவன்டா" என்றாள். மறுதடவை பஸ் வந்தபோது அவனைக் கூட்டிப்போனோம். பஸ்ஸுக்குள்ளேயே திரையில் சென்னையிலிருந்து டாக்டர் பேசினார். சாப்பிட்டாயா, தூக்கம் வருகிறதா என்றுதான் முதலில் கேட்டார். மாத்திரையும் அங்கேயே, இலவசமாக. உனக்கு அன்று ராத்திரியே போன் செய்தேன். நல்லது என்றாய். மாத்திரையின் பெயரை அன்றைக்கும் நீ கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்டதில்லை. பொங்கலுக்கு வருகிறாய், அவன் சட்டைப்பையில் ஐந்நூறு ரூபாய் வைக்கிறாய், மறுநாள் காலை பஸ்ஸில் ஏறிவிடுகிறாய்.

அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நீ. அவனுக்கு 'அ' போடக் கற்றுக்கொடுத்தவள் நீ. அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

நூலகத்துக் கூட்டங்களைப் பற்றி நீ நினைப்பது போல ஒன்றும் இல்லை. யாரையும் மேடையேற்றிக் கதை கேட்பதில்லை. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாள், வீட்டாருக்கு ஒரு நாள், பெரியவர்களுக்கு ஒரு நாள். காசு கிடையாது. மாத்திரை சாப்பிட்டுச் சரியானதும் நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லித் தருகிறோம். குரல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் பொய் என்று சண்டை போடாதே, ஆமாம் என்றும் சொல்லாதே, 'உனக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை, உனக்குப் பயமாக இருக்கிறதா?' என்று கேள் என்று பழக்குகிறோம். நோயைத் திரும்பக் கொண்டுவருவதில் வீட்டுக்கும் பங்கு உண்டு என்று லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவர் 1950களில் தொடங்கி ஆராய்ந்து சொன்னார். ஓயாமல் குறை சொல்வது, வெறுப்பைக் காட்டுவது, பொத்திப் பொத்தி வைப்பது, இந்த மூன்றையும் சொல்கிறார். முதல் இரண்டும் நான். மூன்றாவது அம்மா. நீ மூன்றிலும் இல்லை, வீட்டில் இருந்தால்தானே.

இந்த வரியை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

போன மாதம் பிள்ளைகள் கூட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். யார் பிள்ளை என்று தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போடாமல் கேள்வி எழுதிப்போட ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம். பரீட்சை, ஃபெயில், வீட்டில் அடி, காதல் என்று வரும். ஃபெயிலானால் உடனே துணைத்தேர்வு எழுதி அதே வருஷம் மேலே படிக்கலாம் என்று சொன்னாலே பாதி முகங்கள் தெளியும். அன்றைக்குக் கணக்கு நோட்டில் கிழித்த ஒரு தாள் வந்தது. "எங்க அண்ணன் தனியா பேசுது. வெளிய சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க. நான் யார்ட்ட சொல்றது?" சத்தமாகப் படிக்க ஆரம்பித்தவன் பாதியில் நின்றுவிட்டேன். கூட வந்த நர்ஸம்மா தாளை வாங்கிக்கொண்டு, 14416க்கு போன் பண்ணுங்க, ராத்திரியானாலும் பரவாயில்லை, தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். அது டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி நம்பர், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. சரியான பதில்தான். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது நம்பரை மட்டும்தானா? அந்தச் சத்தியத்தை நம் வீட்டில் நானும் செய்து கொடுத்தவன் அக்கா. வாயை மூடிக்கொண்டே அந்தப் பிள்ளையிடம் நீ வாயைத் திற என்று எப்படிச் சொல்வேன்?

பாப்பாவின் மாமனார் வீட்டில் 'பரம்பரையா?' என்று கேட்பார்கள், அதுதானே உன் பயம்? கூட்டத்திலும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். பொதுவில் 100 பேரில் சுமார் ஒருவருக்கு வரக்கூடிய நோய் இது. தாய்மாமனுக்கு இருந்தால் அது 100க்கு மூன்று, நான்கு என்று ஆகிறது. அதாவது 96 பேருக்கு வருவதில்லை. இதைச் சொல்லிப் பார். கேட்டுக்கொள்கிற வீடாக இருந்தால் பாப்பா அங்கே நன்றாக இருப்பாள். கேட்காத வீடாக இருந்தால் எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் கல்யாணம் நின்றுவிடுமோ என்று எனக்கும் வயிறு கலங்குகிறது. அவளைத் தூக்கி வளர்த்தவன் இல்லையா நானும்? அப்படி ஏதாவது ஆகிவிட்டால் என்னை மன்னிக்காதே, நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் மறைத்துச் செய்கிற கல்யாணத்துக்கு இன்னொரு தடவை நாதாங்கி மாட்ட என்னால் ஆகாது.

உன் பேச்சு ஒரு வார்த்தையும் வராமல் பார்த்துக்கொள்கிறேன். ஊரில் எல்லாருக்கும் நீ யார் என்று தெரியும், அதை நான் ஒன்றும் செய்ய முடியாது.

சின்னவனிடம் கேட்காமல் செய்யவில்லை. வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். உடனே பதில் சொல்லவில்லை. இப்போது தேங்காய் மண்டியில் எண்ணிக்கை போடுகிறான், உனக்குத் தெரியும். மறுநாள் மண்டியிலிருந்து வந்து, கை கால் கழுவி, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பேசுண்ணே. நானும் வர்றேன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை பிள்ளைங்கன்னு சொல்லுவே?" என்று கேட்டான்.

ஒரு பொண்ணு, ரெண்டு பையன்னு சொல்றேன்டா என்றேன்.

கூட்டம் காலை 10 மணிக்கு. வருவதானால் முந்தின நாளே வந்துவிடு. உன் கையால் அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

உன் தம்பி