பேட்டரி வாங்கும் முன் ஒரு வகுத்தல் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு சோலார் பேட்டரி லாபமா என்பதை விலைச்சீட்டு சொல்லாது. ஆயுள் முழுக்க அது தரும் யூனிட்டுகளைக் கணக்கிட வேண்டும். 10 யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரியில் 90 சதவீதம் பயன்படும் என்று கொள்வோம். தினம் ஒரு சுற்று (ஒருமுறை நிரப்பிப் பயன்படுத்தித் தீர்ப்பது), 10 ஆண்டு: 32,850 யூனிட். உத்தரவாத முடிவில் கொள்ளளவு 70 சதவீதமாகக் குறையலாம் என்பதால் சராசரி 85 சதவீதம் வைத்தால் சுமார் 28,000. மழைக்காலத்தில் பேட்டரி நிரம்பாத நாட்களுக்கு இன்னும் கழிக்க வேண்டும். 6,000 சுற்று என்ற விளம்பரத்தை நம்பிப் பெருக்காதீர்கள். தினம் ஒன்று என்றால் அதற்கே 16 ஆண்டுகள் ஆகும், உத்தரவாதம் பெரும்பாலும் 10 தான்.

பேட்டரியின் மொத்த விலையை 28,000-ஆல் வகுத்தால் ஒரு யூனிட்டின் சேமிப்புச் செலவு. இரவில் வாங்கும் மின்சாரத்துக்கும் பகலில் விற்கும் மின்சாரத்துக்கும் உள்ள விலை வித்தியாசம் இதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் லாபம். சேமித்து எடுப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வீணாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே விலை என்றால் மின்கட்டமைப்பே இலவசப் பேட்டரி!

மின்தடைக்காக வாங்குவோருக்குக் கணக்கு வேறு. ஆனால் சோலார் மின்சாரத்தை மின்கட்டமைப்போடு இணைக்கும் சாதாரண கிரிட் இன்வெர்ட்டர் மின்தடையில் தானே நின்றுவிடும். தனித்து இயங்கும் ஹைபிரிட் வகை தேவை. தண்ணீர் மோட்டார் கிளம்பும்போது பலமடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதைத் தாங்காத இன்வெர்ட்டர், பேட்டரி நிரம்பியிருந்தாலும் அணைந்துபோகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்